முதலுதவிப் பெட்டியிலிருந்து அறுவை அரங்கு வரை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலை 16-இல், கவரைப்பேட்டைக்கு அருகில், பெரியபாளையம் சாலை பிரியும் இடம் புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்கும் சுற்றியுள்ள உருக்காலைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் என் வகுப்பில் பெரும்பாலானோர். நான் அறிவியல் ஆசிரியர். பள்ளியின் முதலுதவிப் பெட்டியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை ஒரு மாலை நேர விளையாட்டு வகுப்பு காட்டிக்கொடுத்தது.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஓடும்போது ஜல்லியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். பெட்டியைத் திறந்தேன். கையில் கிடைத்த பஞ்சைக் கொத்தாகப் பிய்த்துக் காயத்தின்மேல் அழுத்தி, துணியால் கட்டி, பைக்கில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். சரியாகத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

கட்டைப் பிரித்த செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். “பஞ்சை நேரா காயத்துல வெச்சது யாரு சார்?”

“நான்தாங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உப்புநீரால் காயத்தை நனைத்து, ஒட்டியிருந்த பஞ்சிழைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு இழைக்கும் பையன் துடித்தான். மண்ணோடு பஞ்சும் உள்ளே தங்கிவிட்டால் காயம் சீழ் பிடிக்கும் என்று பிறகு விளக்கினார். விழுந்தது அவன் தவறாக இருக்கலாம். அந்த அரை மணி நேர வலிக்குக் காரணம் நான்தான்.

அப்போது இன்னொன்றையும் கவனித்தேன். தையல் போடும் தட்டு வந்ததும் பையன் அழுகையை நிறுத்தவில்லை. “அது கத்தியா நர்ஸம்மா? அது எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவர் ஒவ்வொரு கருவியையும் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லி, என்ன செய்யும் என்று சொன்னார். மூன்றாவது கருவிக்கு வரும்போது அழுகை நின்றிருந்தது. பெயர் தெரிந்த பொருள்மீது பயம் குறைந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, தலைமையாசிரியரின் அனுமதியோடு அந்தச் செவிலியரை வகுப்புக்கு அழைத்தோம். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்ட, கூர்முனை இல்லாத சில கருவிகளைக் கொண்டுவந்தார். அன்று நாங்கள் கற்றவற்றையும், அதன் பிறகு நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வெட்ட, பிடிக்க, விலக்க, தைக்க

அறுவைக் கருவிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் அவை செய்யும் வேலைகளைப் பெரும்பாலும் நான்கில் அடக்கிவிடலாம். மாணவர்களிடம் இப்படித் தொடங்கினால் குழப்பமே வராது.

முதல் வேலை வெட்டுவது. ஸ்கால்பெல் என்னும் அறுவைக் கத்தியில் கைப்பிடி தனி, அலகு தனி. கைப்பிடியைக் கிருமிநீக்கம் செய்து மீண்டும் பயன்படுத்துவார்கள். அலகு ஒரே ஒருமுறைதான். அலகுகளுக்கு எண் உண்டு: 10, 11, 15 எண் அலகுகள் 3-ஆம் எண் கைப்பிடியிலும், 20 முதல் தொடங்கும் பெரிய அலகுகள் 4-ஆம் எண் கைப்பிடியிலும் பொருந்தும். 11-ஆம் எண் அலகு கூர்நுனி உடையது. சீழ்க்கட்டியைக் கீறிவிட இதுதான் வசதி. 15-ஆம் எண் சிறிய வளைந்த அலகு, நுட்பமான வேலைக்கு ஏற்றது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது என்று பாடத்தில் சொல்கிறோம். பரப்பு மிகக் குறைந்தால் சிறு விசையே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கத்தரிக்கோல்களிலும் பிரிவு உண்டு. மேயோ கத்தரிக்கோல் தடித்தது, உறுதியான திசுவையும் நூலையும் வெட்டுவதற்கானது. மெட்சென்பாம் கத்தரிக்கோலுக்குப் பிடி நீளம், அலகு குட்டை, மென்மையான திசுக்களுக்கு மட்டும் பயன்படும். கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலின் கீழ் அலகு மழுங்கி, தட்டையாக இருக்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவில் நுழைத்தாலும் தோலைக் கிழிக்காது. நம் முதலுதவிப் பெட்டியில் இருக்க வேண்டியது இதுதான். எங்கள் பெட்டியில் இருந்ததோ தையற்கடைக் கத்தரிக்கோல்!

இரண்டாவது வேலை பிடிப்பது. சாதாரண இடுக்கி இரண்டு வகை. நுனியில் பல் உள்ளது தோல் போன்ற உறுதியான பகுதியைப் பிடிக்க. பல் இல்லாதது மென்மையான பகுதிக்கு. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் கத்தரிக்கோல் போலத் தோன்றும், ஆனால் வெட்டாது. ரத்தம் கசியும் குழாயின் வாயைக் கவ்விப் பிடிக்கும். விரல் வளையங்களுக்கு அருகில் உள்ள பற்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்வதால், கையை எடுத்துவிட்டாலும் பிடி தளராது. இதன் சிறிய வடிவத்துக்கு மாஸ்கிட்டோ ஃபோர்செப்ஸ் என்று பெயர். கொசு என்றதும் வகுப்பே சிரித்தது.

மூன்றாவது வேலை விலக்குவது. வெட்டிய இடத்தின் ஓரங்களை ஒதுக்கிப் பிடித்து, மருத்துவருக்கு உள்ளே பார்க்க இடம் தருபவை ரிட்ராக்டர்கள். சில கையால் பிடிக்கப்படும். சில தாமாகவே விரிந்து நிற்கும்.

நான்காவது வேலை தைப்பது. நீடில் ஹோல்டரும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நீடில் ஹோல்டரின் வாய் குட்டையாக, உள்பக்கம் கட்டம்போட்ட கீறல்களுடன் இருப்பதால் ஊசி சுழலாமல் நிற்கும். துணி தைக்கும் ஊசி நேரானது. தோல் தைக்கும் ஊசி ஏன் வளைந்திருக்கிறது? துணியின் இரண்டு பக்கமும் நம் கை போகும். உடலில் மேற்பக்கம் மட்டும்தான் கை போகும். உள்ளே நுழைந்த ஊசி வளைந்து மேலேயே வெளிவர வேண்டும். இந்த விடையை நாங்கள் சொல்லவில்லை. தாய் தையல் வேலை செய்யும் ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்னாள்.

நூலும் இரண்டு வகை. உடலுக்குள் தானாகக் கரைந்துவிடுபவை ஒன்று. நைலான், பட்டு போலக் கரையாமல் நின்று, பிறகு நாமே பிரித்தெடுக்க வேண்டியவை மற்றொன்று. பழைய கரையும் நூலின் பெயர் கேட்கட். பெயரில் பூனை இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து செய்யப்படுவது அது. முகத்தில் போட்ட தையலை ஏறக்குறைய 5 நாளில் பிரிப்பார்கள். கால் போன்ற இடங்களில் 10 முதல் 14 நாள்வரை ஆகும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் விரைவில் ஆறும்.

பெயரில் விலங்கு, பழக்கத்தில் கை

கருவிகளுக்கு விலங்குப் பெயர் வைப்பது புதிதல்ல. சுசுருத சம்ஹிதை 101 மழுங்கிய கருவிகளையும் 20 கூர்மையான கருவிகளையும் விவரிக்கிறது. அவற்றில் சிங்கமுகம், நாரைமுகம் போன்ற பெயர்கள் உண்டு. நாரை அலகு போன்ற நீண்ட இடுக்கியால் ஆழத்தில் தைத்த முள்ளை எடுக்கலாம். எல்லாக் கருவிகளிலும் தலையானது கையே என்றும் அந்நூல் சொல்கிறது.

நம் பகுதியிலேயே சான்று வேண்டுமா? காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைப் பற்றி அது பேசுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியமும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. அறுவை செய்பவர் தனிப் பணியாளராக அன்றே இருந்திருக்கிறார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், நோயாளியின் கண் ஓவியங்களுடன் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. வரலாற்று ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம்.

துருப்பிடிக்காத உருக்கு

“கருவிகள் ஏன் பளபளன்னு இருக்கு?” என்று கேட்டவனின் தந்தை உருக்காலையில் வேலை செய்கிறார். 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த உருக்கைச் செய்து பார்த்தார். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உருக்கை மூடிக்கொள்கிறது. அதனால் துருப்பிடிப்பதில்லை. துரு பிடித்த பரப்பில் நுண்ணிய குழிகள் இருக்கும். அங்கே கிருமி ஒளிந்துகொள்ளும். தேய்த்துக் கழுவி, நீராவியில் வேகவைத்து, மறுபடி பயன்படுத்த வேண்டிய கருவிக்குத் துருப்பிடிக்காமை அழகுக்கான விஷயம் அல்ல. அது பாதுகாப்பு. ஊரே உருக்கில் வாழும் எங்கள் பகுதியில், உலோகக்கலவைப் பாடத்துக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பிரஷர் குக்கரும் ஆட்டோகிளேவும்

“கொதிக்கிற தண்ணியில போட்டா போதாதா?” இதை மாணவர்களும் கேட்டார்கள், ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். போதாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாது. சில பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஸ்போர்கள் அந்த வெப்பத்தைத் தாங்கிவிடும். இறுக்கமாக மூடி, அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். வழக்கமாக 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் 121 டிகிரி வெப்பமுள்ள நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைப்பார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமேதான். லூயி பாஸ்டருடன் பணியாற்றிய சார்லஸ் சேம்பர்லேண்ட் 1879-இல் உருவாக்கிய இக்கருவிதான் ஆட்டோகிளேவ்.

பொட்டலத்தின்மேல் ஒட்டும் நாடாவில் உள்ள வெளிர் கோடுகள், ஆட்டோகிளேவில் சூடானதும் கறுத்துவிடும். கறுக்காத நாடா இருந்தால் அந்தப் பொட்டலம் உள்ளே போகவே இல்லை என்று பொருள். நீராவியில் உருகிவிடும் பிளாஸ்டிக் ஊசிக்குழல் போன்றவற்றை எத்திலீன் ஆக்சைடு வாயுவால் தூய்மையாக்குகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு புதிய பொட்டலத்தைப் பிரிக்காமல் வகுப்பில் காட்டுங்கள். வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்திருந்தால், மறுமுறை பயன்படுத்தக் கூடாது. மணற்கடிகாரப் படம் இருந்தால், அருகில் இருப்பது காலாவதித் தேதி. படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் குறியீட்டு மொழி இது.

மூழ்கும் பஞ்சு, மிதக்கும் பஞ்சு

இப்போது என் தவறுக்கு வருகிறேன். மருத்துவப் பஞ்சு என்பது செடியிலிருந்து பறித்த பஞ்சு அல்ல. இயற்கைப் பஞ்சின்மீது மெழுகுப் பூச்சு உண்டு. காரக் கரைசலில் வேகவைத்து அந்த மெழுகை நீக்கி, வெளுத்த பிறகுதான் அது நீரை உறிஞ்சும். எளிய சோதனை ஒன்று: இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்து, ஒன்றில் இலவம்பஞ்சையும் மற்றொன்றில் மருத்துவப் பஞ்சையும் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். நல்ல மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் மூழ்கிவிட வேண்டும். தரத்தைச் சோதிக்க மருந்தாய்வகங்களிலும் இதே முறைதான். நுண்புழை ஏற்றம் பாடத்துக்கு இது உடனடிச் செயல்பாடு.

உறிஞ்சும் பஞ்சாகவே இருந்தாலும் திறந்த காயத்தின்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. இழைகள் உதிர்ந்து ஒட்டும். காயத்தைத் தொட வேண்டியது காஸ் என்னும் வலைத்துணி. அதன்மேல் வேண்டுமானால் பஞ்சு, அதற்கும் மேல் சுருள்கட்டு. காயம், காஸ், பஞ்சு, கட்டு என்ற வரிசையை எங்கள் மாணவர்கள் பாட்டுப்போல் சொல்லப் பழகிவிட்டார்கள். இந்த வலைத்துணியிலும் கட்டுத்துணியிலும் பெரும்பங்கு, விருதுநகர் மாவட்டம் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதித் தறிகளில் நெய்யப்பட்டு நாடு முழுவதும் போகிறது. நம் முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு தமிழ்நாட்டு நெசவாளரின் உழைப்பும் இருக்கிறது.

எண்ணுவதும் ஒரு சிகிச்சை

அறுவை அரங்கில் பயன்படும் காஸ் துணியில் ஒரு தனி இழை ஓடும். எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்காகச் சேர்க்கப்படும் இழை அது. ரத்தத்தில் நனைந்த துணி சதையோடு சதையாகத் தெரியும். தவறி உள்ளே விட்டுவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். அதனால் அறுவைக்கு முன்பும், மூடுவதற்கு முன்பும், முடிந்த பிறகும் துணி, ஊசி, கருவி எல்லாவற்றையும் இருவர் சேர்ந்து வாய்விட்டு எண்ணுகிறார்கள். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை இடம்பெற்றுள்ளது.

ஆய்வக வகுப்பு முடிந்ததும் சோதனைக் குழாய்களை எண்ணி வைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்கள், இதைக் கேட்ட பிறகு எண்ணத் தொடங்கினார்கள். நான் அறிவுரை எதுவும் கூறவில்லை.

நான்கு நிறத் தொட்டிகளையும் அறிமுகப்படுத்துங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ரத்தம் தோய்ந்த துணியும் பஞ்சும் மஞ்சள், கையுறை, குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்பு, ஊசி, அலகு போன்ற கூரியவை துளைக்க முடியாத வெள்ளைக் கலம், கண்ணாடி நீலம். தெருவில் ஊசி கிடந்தால் எடுத்து விளையாடக் கூடாது என்று சொல்லும்போது, காரணத்தையும் சேர்த்துச் சொல்ல இது உதவும்.

ஒரு கேள்வி

வகுப்பு முடியும் நேரம். பின் வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். “நர்ஸம்மா, விரல் துண்டாயிட்டா அதை எப்படி எடுத்துட்டுப் போகணும்?”

வகுப்பு அமைதியானது. அவள் தந்தைக்கு வேலையிடத்தில் இரண்டு விரல்கள் போயின என்பது எல்லோருக்கும் தெரியும். துண்டான விரல்களை ஐஸ் கட்டிக்குள் நேரடியாகப் போட்டு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். உறைந்து திசு கெட்டுவிட்டதால் ஒட்டவைக்க முடியவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான், நான் பஞ்சு வைத்ததைப் போல.

செவிலியர் கரும்பலகையில் எழுதினார். முதலில் ஆளைக் கவனிக்க வேண்டும்: காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். பிறகு துண்டான பகுதி. அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. உப்புநீரில் அல்லது சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்ற வேண்டும். நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்ட வேண்டும். அந்தப் பையை ஐஸும் நீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்க வேண்டும். ஐஸ் விரலைத் தொடவே கூடாது. நேரத்தை ஒரு தாளில் குறித்து உடன் அனுப்ப வேண்டும். விரலைவிடத் தசை நிறைந்த கைப்பகுதி, குளிர்விக்கப்படாமல் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது.

ஒட்டவைக்கும் மருத்துவர்கள் நமக்குத் தொலைவில் இல்லை. வடசென்னையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அது. அங்கே நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள ரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள். அத்தனை நுட்பமும் பயன்பட வேண்டுமென்றால், விபத்து நடந்த இடத்தில் நிற்கும் ஒருவருக்கு ஈரத்துணியும் இரண்டு பைகளும் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் பெட்டியில் இப்போது இருப்பவை: தனித்தனியாக உறையிட்ட காஸ், சுருள்கட்டு, முக்கோணக் கட்டுத்துணி, ஒட்டும் நாடா, கையுறை, மழுங்கிய நுனிக் கத்தரிக்கோல், இடுக்கி, உப்புநீர்ப் புட்டி, சுத்தமான இரண்டு பிளாஸ்டிக் பைகள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை இரண்டு மாணவர்கள் எண்ணி, காலாவதித் தேதி பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். சிறு காயம் என்றால் முதலில் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுகிறோம். காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதுவும் வைப்பதில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி விடுபட்டவர்களின் பட்டியலையும் சுகாதார நிலையத்துக்குக் கொடுத்தோம்.

கேள்வி கேட்ட மாணவி, கரும்பலகையில் இருந்ததைப் படங்களோடு ஒரு தாளில் எழுதினாள். படி எடுத்து வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்தோம். மறுநாள் அவள் இன்னொரு படி கேட்டாள். ஏன் என்றேன்.

“அப்பா கேட்டாரு சார். அவரு வேலை செய்யுற இடத்துல, முதலுதவிப் பெட்டி மேல ஒட்டணுமாம்.”

ஐந்து படிகளாகக் கொடுத்து அனுப்பினேன்.